மைப்படி

மண்முனைப் பாலம் தாண்டி
ஓட்டோவில் வந்திறங்கினேன்.
மடியில் வாளி, குதிரைமயிர்த் தூரிகை,
சுருட்டிய தாள், ஒரு போத்தல் மை.
படுவான்கரையில் வேளாண்மை வெட்டி முடிந்திருந்தது.
வட்டை முழுக்க அடிக்கட்டைகளின் மஞ்சள்.

கோயில் சிறிது.
கருவறைக்கு மட்டும் கல், மற்றதெல்லாம் சீமெந்து.
உபானம் மண்ணுக்குள் போய்விட்டது.
குமுதத்தை எட்டுப்பட்டையாகச் செதுக்கி வந்தவர்
வடக்கு மூலையில் பாதியோடு விட்டிருக்கிறார்.
கூலி வரவில்லையோ, படை வந்ததோ,
வெறும் காய்ச்சலோ.
கடைசிக் கொத்து மட்டும்
மற்றவற்றைவிட ஆழமாக விழுந்திருக்கிறது.

துவாரபாலகர் இருவருக்கும்
போன கும்பாபிஷேகத்தில் எனாமல் அடித்தார்களாம்.
ரோஸ் நிறம். நகங்களுக்கு மறக்காமல் சிவப்பு.
தூணடியில் யாரும் பெயின்ற் பூசாத குரங்கு ஒன்று
இன்னும் எதையோ தின்றுகொண்டிருக்கிறது.
நான் அதோடு கொஞ்ச நேரம் இருந்தேன்.

எழுத்தைக் கண்டவன் மேசன் புவிராசா.
மாபிள் பதிக்க இடைஞ்சலாகக் கிடந்த
தேங்காய் உடைக்கிற கல்லைக்
கம்பி பிரஷால் தேய்த்தானாம்.
எண்ணெய்ப் பிசுக்குக்குக் கீழே எறும்பு வரிசை.
எறும்பு அசையாததால்
வண்ணக்கரைக் கூப்பிட்டான்.

இன்றைக்கு வண்ணக்கர்மார் ஏழு பேரும் வந்துவிட்டார்கள்.
ஏழு குடி, ஏழு வேட்டி,
எந்தக் குடிக்கு முதல் காளாஞ்சி என்று
பதினொரு வருசமாகக் கோட்டில் ஒரு வழக்கு.
"எங்கட குடியின்ட பேர் இரிக்கா மகள்?"
கந்தப்போடி கேட்டார், கல்லைப் பார்க்காமல்.

ஈரத்தாள்
காய்ச்சல்காரன் முதுகில் சட்டை போலக்
கல்லில் ஒட்டியது.
தூரிகையால் அடித்தேன்.
ஒவ்வோர் எழுத்தின் பள்ளத்துக்கும் தாள் இறங்கியது.
மைப்பந்தை ஒற்ற ஒற்றக்
கறுப்பிலிருந்து வெள்ளையாக ஏறி வந்தன
ஒரு 'யா', ஒரு 'ண்டு',
கிரந்தத்தில் ஒரு 'ஸ்ரீ'.

உரக்க வாசித்தேன்.
அரசன் பெயர் உதிர்ந்துவிட்டது.
ஆண்டு பத்து.
நொந்தா விளக்கு ஒன்று எரிய
சாவா மூவா எருமை ஐந்து.

"சாகாத எருமையா?"
பூமாலை விற்கிற தெய்வானைப்பிள்ளை சிரித்தாள்.
"தொண்ணூறில வட்டைக்குள்ள ஒன்பதை
அவிட்டு விட்டுத்து ஓடினம்.
ஒண்டும் இந்தக் கல்லை வாசிக்கல்ல."
யாரும் சிரிக்கவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

எருமை வைத்தது யார்?
அந்த வரிக்கு வந்தேன்.
'இவ்வூரிருக்கும்' என்று தொடங்கி
நடுவில் ஒரு குழி.
தலைமுறை தலைமுறையாக
நேர்த்தித் தேங்காய் விழுந்து விழுந்து
கல் உள்ளங்கை போலக் குழிந்திருந்தது.
தாள் அங்கே கிழிந்தது.
குழிக்கு இந்தப் பக்கம் மூன்றே எழுத்து: ம க ள.
கல்லில் புள்ளி வைக்கிற வழக்கமில்லை.
புள்ளியை நான் வைத்தேன்.
மகள்.

"போதும், குடி தாய்வழிதானே" என்றார் ஒருவர்.
"யார்ர மகள்?" என்றார் இன்னொருவர்.
ஏழு பேரும் குனிந்து
குழிக்குள் பார்த்தார்கள்.
கொஞ்சம் இளநீர் தேங்கியிருந்தது.

கடைசி வரி முழுசாக இருந்தது,
ஒரு கீறல் இல்லாமல்:
இதை அழித்தவன் காகமாகவும் நாயாகவும் பிறப்பான்.
வாசிக்கத் தெரியாதவருக்காக
கீழே ஒரு காகம், ஒரு நாய்.
நாயின் வாலைச் சிற்பி ரசித்துச் செய்திருக்கிறார்.

புவிராசா மாபிள் பெட்டியை மூடினான்.
"அப்ப நாங்க எல்லாரும்?" என்று கேட்டான்,
யாரிடம் என்று தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து
வெளியூர்க்காரர் ஒருவர் வந்தார்,
தோளில் குழந்தை, கையில் மஞ்சள் பூசிய தேங்காய்.
பிள்ளைக்கு நடை வந்துவிட்டதாம்.
கல்லைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்,
ஏழு வண்ணக்கரையும் பார்த்தார்.
கையை ஓங்கினார்,
ஓங்கியபடியே நின்றார்.
குழந்தை இறங்கி
காகத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது.